ஒன்பது செத்த ஸ்ட்ரிப்

சேர்ந்த நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டாக்டர் வரதன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு பிபி, சுகர் ஏதாவது இருக்கா?" என்பதுதான். என் உடம்பின் மேல் அவருக்கு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். கை நடுங்குமா நடுங்காதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார்.

அதற்கு முன்பு ஒரு அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஒயர் பாண்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள அலுமினியக் கம்பியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஒரு சில்லிலிருந்து இன்னொரு சில்லுக்கு இணைப்பது அந்த வேலை. பசை கிடையாது, ஈயம் கிடையாது. ஊசிமுனை அல்ட்ராசானிக்கில் அதிரும். அந்த அதிர்விலேயே கம்பி உலோகத்தோடு உலோகமாகப் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடியபோது வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு பெங்களூர் லிங்கராஜபுரத்து வீட்டில் உட்கார்ந்தேன். மூன்று மாதம் உட்கார்ந்ததில் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை குறைந்தது. அப்போது தொம்மலூரில் ஒரு சின்ன எக்ஸ்ரே ஆராய்ச்சி நிறுவனத்தில் பாண்டிங் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

டாக்டர் வரதன்தான் அங்கே டைரக்டர். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். யார் பார்க்க வந்தாலும், "எங்க தாத்தா மைசூர் சமஸ்தான சர்வீஸ்ல இருந்தப்பவே..." என்று ஆரம்பிப்பார். தாத்தாவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் என்ன சம்பந்தம் என்பதை நான் வேலையை விடும்வரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

தூசி புகாத வேலையறையை, கிளீன் ரூமை, எனக்குச் சுற்றிக் காட்டினார். ஒருகாலத்தில் அது அந்தக் கட்டிடத்தின் டூ வீலர் பார்க்கிங்காக இருந்ததாம். தரைக்கு விலை உயர்ந்த பெயின்ட் அடித்து, ஏ.சி. போட்டு, தலைக்குத் தொப்பி காலுக்கு உறை என்று ஆக்கியிருந்தார்கள். மூலையில் ஒரு ஸ்கூட்டரின் எண்ணெய்க் கறை மட்டும் பெயின்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாங்கள் செய்த சாமான்

என்ன செய்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பிறகு நடந்த கூத்து புரியாது.

மார்பகப் புற்றுநோய்க்கு எடுக்கும் மாமோகிராம் படத்தைச் சாதாரண எக்ஸ்ரே குழாயில் எடுப்பதைவிட சிங்க்ரோட்ரான் கதிரில் எடுத்தால் தெளிவு அதிகம். சிங்க்ரோட்ரான் என்பது எலக்ட்ரான்களை ஒரு பெரிய வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடவிடும் இயந்திரம். அவை திரும்பும் இடங்களில் எக்ஸ்ரே கிளம்பும். அந்தக் கதிர் ரிப்பன் மாதிரி இருக்கும். அகலம் உண்டு, உயரம் அநேகமாகக் கிடையாது. அந்த ரிப்பனை அசைக்க முடியாது. அதனால் படம் எடுக்க வந்த பெண் ஓட்டை வைத்த படுக்கையில் குப்புறப் படுக்க, படுக்கை மெதுவாக ஏறி இறங்கும். படம் வரி வரியாகச் சேரும்.

அந்த இயந்திரம் வெளிநாட்டில் இருந்தது. அதில் வைக்கப்போகும் டிடெக்டர்தான் எங்களுடையது. அது விசிட்டிங் கார்டு தடிமன் உள்ள ஒரு சிலிக்கன் தகடு. எக்ஸ்ரே அதன் முகத்தில் விழுந்தால் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். அதனால் தகட்டைப் படுக்கையாக வைத்து, ஓரத்தின் வழியாகக் கதிரை உள்ளே விடுவோம். கதிர் நீளவாட்டத்தில் போய் சிலிக்கனுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தகட்டின் மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள் ஓடும். அவற்றுக்கு ஸ்ட்ரிப் என்று பெயர். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் பக்கத்திலிருக்கும் சிப்போடு நான் ஒரு கம்பியால் இணைக்க வேண்டும். தகடும் சிப்பும் சேர்ந்ததுதான் மாட்யூல். தன் ஸ்ட்ரிப்பில் வந்து விழும் எக்ஸ்ரே துகள்களை, அதாவது போட்டான்களை, சிப் ஒவ்வொன்றாக எண்ணும். கம்பி பிடிக்காவிட்டால் அந்த ஸ்ட்ரிப் செத்தது. படத்தில் அந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழும்.

இந்தப் படத்தில் கண்டுபிடிக்க வேண்டியவை திசுவுக்குள் படியும் சுண்ணாம்புப் புள்ளிகள். உப்புத்தூளைவிடச் சிறியவைகூட இருக்கும். அவை கூட்டமாகத் தெரிந்தால் டாக்டர்கள் கவலைப்படுவார்கள்.

போர்வெல்

அந்தக் கோடையில் பெங்களூரில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. எங்கள் பக்கத்துக் கட்டிடம் ஒரு பி.ஜி. ஹாஸ்டல். அதன் ஓனர் டேங்கர்காரர்களிடம் கெஞ்சிச் சலித்து, சொந்தமாக போர் போட முடிவெடுத்தார். எங்கள் டிடெக்டர் வெளிநாட்டுக்குக் கிளம்ப பதினொரு நாளும் ரிவ்யூ கமிட்டி வர ஆறு நாளும் இருந்தபோது போர் வண்டி வந்து எங்கள் சுவரை ஒட்டி நின்றது.

டாக்டர் வரதன் சும்மா இருக்கவில்லை. லெட்டர்ஹெட்டில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, அதிர்வின் கிராஃப் ஒன்றையும் இணைத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓனரிடமிருந்து ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது. பத்து நிமிஷத்தில் டிரில்லிங் ஆரம்பமானது.

"சார், இன்னைக்கு பாண்டிங் வேணாம். டேபிள் ஆடுது" என்றேன்.

"அது ஆன்டி-வைப்ரேஷன் டேபிள் ரெஜினா. இம்போர்ட்டட்."

"இம்போர்ட்டட் டேபிளும் நம்ம தரையிலதான் சார் நிக்குது."

"வியாழக்கிழமை கமிட்டி. எனக்கு மாடல் வேண்டாம், வொர்க்கிங் மாட்யூல் வேணும்."

உட்கார்ந்தேன். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது ஸ்ட்ரிப்கள் வீணைத் தந்தி மாதிரி நடுங்கின. போர்காரர்கள் ராடு மாற்ற நிறுத்தும் இடைவெளிகளில் கம்பி போட்டேன். இருநூற்றைம்பத்தாறு ஸ்ட்ரிப்பில் இருநூற்று நாற்பத்தேழு நன்றாக வந்தன. கடைசியாக ஒரே இடத்தில் ஒன்பது மிச்சம். அந்த நேரம் கீழே பாறை தட்டியிருக்க வேண்டும். கட்டிடமே பல்லைக் கடித்தது. ஒன்பது கம்பியும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றன. இன்னொரு தடவை முயன்றேன், பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை போனால் அடியிலுள்ள உலோகம் உரிந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் வரதனிடம் போய்ச் சொன்னேன்.

"மொத்தத்துல எத்தனை?"

"இருநூத்தம்பத்தாறுல ஒன்பது சார்."

மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்போ தொண்ணூத்தாறு பெர்சென்ட். என் பையன் இந்த மார்க் வாங்கினா நான் ஸ்வீட் குடுப்பேன்."

"ஒன்பதும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு சார்."

"சாஃப்ட்வேர்ல பாத்துக்கலாம். டிராவலர்ல சைன் பண்ணிக் குடுங்க."

டிராவலர் என்பது மாட்யூலோடு மேஜைக்கு மேஜை கூடவே போகும் தாள். யார் என்ன செய்தார்கள், எது சரி, எது சரியில்லை என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குறை இருந்தும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றால் 'யூஸ் ஆஸ் இஸ்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டு ரெஜினா என்று கையெழுத்தும் போட்டேன். அந்த மாதம் என் கான்ட்ராக்ட் ரினியூவல் மாதம். வேறு சாக்கு சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்று இன்டர்வியூவில் பீற்றிக்கொண்ட பெண்மணி, செத்தது என்று தனக்குத் தெரிந்த ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

மஞ்சுநாத் போட்ட படம்

சாஃப்ட்வேர் மஞ்சுநாத்தின் வேலை. துமகூர்க்காரர். எங்களோடு தமிழ் பேசிப் பேசி, கன்னடம் எங்கே முடிகிறது தமிழ் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவருக்கே தெரியாத நிலைமைக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர். டைரக்டர் சொன்னால் மழை மேல்நோக்கிப் பெய்வதற்கும் புரோகிராம் எழுதித் தருவார்.

"மேடம், சும்னே டென்ஷன் ஆகாதீங்க. இந்தப் பக்கம் ஒரு நல்ல ஸ்ட்ரிப், அந்தப் பக்கம் ஒரு நல்ல ஸ்ட்ரிப். ரெண்டையும் வெச்சு ஆவரேஜ் எடுத்து நடுவுல ஃபில் பண்ணிடறேன்."

"ஒரு ஸ்ட்ரிப்னா சரி மஞ்சு. ஒன்பதுன்னா கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஆச்சே."

"ஸ்மூத்தா வரும் மேடம்."

"ஸ்மூத்தா வரும், சரி. அங்க நிஜமா என்ன இருந்ததுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அது தெரியாது மேடம். சார் ஸ்மூத்தா வேணும்னாரு."

படம் ஸ்மூத்தாக வந்தது. டாக்டர் வரதன் ஸ்கிரீனுக்கு முன்னால் நின்று, தன் குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். "ஒரு கோடு தெரியறதா பாருங்கோ" என்று காபி கொண்டுவந்தவரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை

கமிட்டியில் மூன்று பேராசிரியர்கள், ஒரு டாக்டர். ஹாலில் 'ஒவ்வொரு போட்டானும் எண்ணப்படுகிறது' என்று பேனர் கட்டியிருந்தார்கள். பேராசிரியர்களில் ஒருவர் பிராஜெக்ட் பெயரை மாற்ற வேண்டும் என்றார். இன்னொருவர் ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னார். மூன்றாமவர் ஆழ்ந்து யோசிப்பது போல் கண்ணை மூடியிருந்தார். அவர் மூச்சு மட்டும் யோசிப்பவரின் மூச்சாக இல்லை.

அந்த டாக்டரம்மாதான் டாக்டர் ஷாஹீன். காக்ஸ் டவுன் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரேடியாலஜிஸ்ட். தினமும் மாமோகிராம் படங்களைப் பார்த்து, இருக்கிறது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர். தன் கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஃபாண்டம். மெழுகுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகளைப் புதைத்து வைத்த சோதனைக் கட்டி. எங்கே எத்தனை புள்ளி என்பது முன்கூட்டியே தெரியும். இயந்திரம் அத்தனையையும் காட்டுகிறதா என்று பார்க்கத்தான் அது.

எங்களிடம் சிங்க்ரோட்ரான் கிடையாது. ஈயப் பெட்டிக்குள் ஒரு சின்ன எக்ஸ்ரே குழாயும், கதிரை ரிப்பனாக்க ஒரு இடுக்கும்தான். அதில் வைத்துப் படம் எடுத்தோம். வழவழப்பான அழகான படம். பேராசிரியர்கள் "வெரி நைஸ்" என்றார்கள். டாக்டர் ஷாஹீன் எழுந்து ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய்ப் பேனா முனையால் எண்ணினார்.

"டாக்டர் சாப், இந்தக் குரூப்ல அஞ்சுதான் இருக்கு. ஆறு இருக்கணும்."

"பழைய ஃபாண்டமா இருக்கும் மேடம். ஒண்ணு விழுந்திருக்கும்."

"மெழுகுக்கு உள்ள இருக்கிற புள்ளி எங்க சார் போய் விழும்? நேத்து எங்க மெஷின்ல வெச்சு எடுத்தேன். ஆறு இருந்துச்சு."

"ரெசல்யூஷன்ல சின்ன இஷ்யூ..."

"அஞ்சு புள்ளிக்கு ரெசல்யூஷன் இருக்கு, ஆறாவதுக்கு மட்டும் இல்லையா?"

மாட்யூலைத் தொட வேண்டி வந்தால் ஆள் வேண்டுமே என்று என்னைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். ஸ்கிரீனில் அந்த ஆறாவது புள்ளி இருந்திருக்க வேண்டிய இடம் எது என்று அந்த அறையில் எனக்கும் மஞ்சுநாத்துக்கும்தான் தெரியும். மஞ்சுநாத் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஃபாண்டத்தை ரெண்டு மில்லிமீட்டர் பக்கவாட்டுல தள்ளி இன்னொரு படம் எடுக்கலாமா?" என்றேன்.

டாக்டர் வரதன் திரும்பினார். "ரெஜினா, காபி வந்துடுத்தான்னு பாருங்கோ."

"வந்துடுச்சு சார். ஆறிட்டிருக்கு."

டாக்டர் ஷாஹீன் என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். "தள்ளுங்க" என்றார்.

நானே உள்ளே போய்த் தள்ளி வைத்தேன். படம் எடுத்தோம். அதே கூட்டத்தில் ஆறு புள்ளி பளிச்சென்று தெரிந்தது. யோசித்துக்கொண்டிருந்த பேராசிரியர்கூட அந்த அமைதியில் கண்ணைத் திறந்தார்.

"முதல் படத்துல இந்த இடத்துல என்ன இருந்தது?" என்று கேட்டார் டாக்டர் ஷாஹீன்.

மஞ்சுநாத்தான் சொன்னார். "அங்க ஸ்ட்ரிப் வொர்க் ஆகல மேடம். கம்ப்யூட்டர் போட்டது."

டாக்டர் ஷாஹீன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "இது மெழுகு. அடுத்து இதுல திசு வைப்பீங்க. அப்புறம் ஒரு நாள் பொம்பளைங்க வந்து படுப்பாங்க. நீங்க பாக்காத இடத்துல நல்ல திசுவை வரைஞ்சு குடுத்தா, நான் நார்மல்னு எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தம்மா சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க."

எனக்கு டிராவலரில் போட்ட கையெழுத்து ஞாபகம் வந்தது. அவருடைய கையெழுத்து என்னுடையதற்கு மேல்தான் உட்காரப் போகிறது.

டாக்டர் வரதன் இருமிவிட்டுச் சிரித்தார். "கரெக்ட் மேடம். இந்த பாயின்ட்டை டெமான்ஸ்ட்ரேட் பண்ணத்தான் நாங்களே இதை இப்படி பிளான் பண்ணோம்."

பேராசிரியர்கள் மூவரும் தலையாட்டினார்கள். பெயரை மாற்றச் சொன்னவர், "வெரி நைஸ்" என்றார். டாக்டர் ஷாஹீன் மட்டும் குறிப்பில் எழுதச் சொன்னார்: ரிப்பேர் செய்ய வேண்டும், முடியாத ஸ்ட்ரிப்களைப் படத்தில் கறுப்பாகக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

கமிட்டி போனதும் டைரக்டர் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னைக் கேக்காம பேசினீங்க."

"உங்ககிட்ட சொன்னேனே சார். ஒன்பதும் பக்கத்துப் பக்கத்துலன்னு."

"அது டெக்னிக்கல் மேட்டர். இது கமிட்டி." பேப்பர் வெயிட்டை இடம் மாற்றி வைத்தார். "உங்க ரினியூவல் இந்த மாசம்தானே?"

"ஆமா சார்."

"முதல்ல பாண்டை சரி பண்ணுங்கோ. அப்புறம் பேசலாம்."

திருச்செங்கோட்டுக்காரர்

ஏற்கனவே இரண்டு தடவை தழும்பு பட்ட இடத்தில் மறுபடி கம்பி போடுவது லேசான வேலை அல்ல. பழைய கம்பியின் பாதத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கும் துண்டு இடத்தில் புதிதாக உட்கார வைக்க வேண்டும். தவறினால் சிப்பே போய்விடும். கூரியர் செவ்வாய்க்கிழமை. முழு நாளும் கிடைக்கும் என்று திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். திங்கள் காலை பார்த்தால் போர் வண்டி மறுபடியும் நிற்கிறது. முதல் குழியில் புழுதிதான் வந்ததாம். தேங்காய் வைத்துத் தண்ணீர் பார்ப்பவர் ஒருவர் வந்து, எங்கள் சுவருக்கு இன்னும் நாலடி பக்கத்தில் வேறு இடம் காட்டிவிட்டுப் போயிருந்தார்.

டாக்டர் வரதன் இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் கிளீன் ரூம் கோட்டைக் கழற்றிவிட்டு நேராகப் போர் வண்டிக்குப் போனேன்.

வண்டியை ஓட்டியவர் குப்புசாமி. திருச்செங்கோட்டுக்காரர். மீசையிலிருந்து செருப்புவரை வெள்ளைப் புழுதி.

"ஏனுங்க அக்கா, சத்தம் சாஸ்தியா இருக்குதுங்களா?"

"சத்தம் பரவாயில்லைங்க. ஆட்டம்தான் பிரச்சினை. ரெண்டு மணி நேரம் நிறுத்த முடியுமா?"

"ரெண்டு மணி நேரமுங்களா? ஓனரு வஞ்சு போடுவாருங்க. அப்படி என்னங்க பண்றீங்க உள்ளார?"

வந்து பாருங்கள் என்றேன். கிளீன் ரூமுக்குள் விட முடியாது. கண்ணாடிக்கு வெளியே நிறுத்தி, மைக்ரோஸ்கோப் மானிட்டரைக் காட்டினேன். தூக்கிக்கொண்டு நின்ற ஒன்பது கம்பிகளையும் காட்டி, எதற்கான சாமான், அந்த ஒன்பதும் எப்படிப் போயின என்று சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது கம்பிங்களா? நம்முளுது ராடு ஒரு ஆளு கட்டிப் புடிக்கோணும். அப்போ இதைக் கெடுத்தது நாங்கதானுங்களா?"

"நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க. அன்னைக்கு நான் என் வேலையைச் செஞ்சிருக்கக் கூடாது." பிறகு, கேட்க வேண்டும் என்று தோன்றியதால் கேட்டேன். "முதல் குழியில தண்ணி இல்லைன்னு ஓனர்கிட்ட எப்படிச் சொன்னீங்க?"

"புழுதின்னு சொன்னனுங்க. வேற எப்படிங்க சொல்றது? தண்ணி இருக்குதுன்னு சொல்லிப் பைப்பை எறக்கீட்டுப் போனா, நாளைக்கு மோட்டாரு போட்டாத் தெரிஞ்சு போயிருமுங்க."

முனைவர் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த அந்தத் தெருவில், கிடைத்த ரிசல்ட்டை அப்படியே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"சரிங்க்கா. கம்ப்ரஸர் சூடேறிப் போச்சுன்னு சொல்லிக்கறனுங்க. சாப்பாட்டு நேரத்தையும் சேத்துக்கங்க" என்றார். அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் எங்களுக்காக.

மேஜை அசையாமல் நின்றது. இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். முதல் கம்பி பிடித்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது, மஞ்சுநாத் டிஷ்யூவால் என் நெற்றியை ஒற்றினார். அதுவும் பிடித்தது. ஆறாவதில் பழைய பாதத்தைக் கிள்ளும்போது அடியிலிருந்த உலோகம் வெங்காயத் தோல் மாதிரி மேலே எழுந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"இன்னும் நாலு இருக்கே மேடம்."

"நாலு இருக்கட்டும் மஞ்சு. இதுக்கு மேல போனா பிடிச்ச அஞ்சும் போயிடும்."

டிராவலரில் புதுத் தாள் வைத்து எழுதினேன்: நான்கு ஸ்ட்ரிப் செத்தது, அடுத்தடுத்தவை, எண்கள் இவை, படத்தில் கறுப்பாகக் காட்டவும். பழைய தாளைக் கிழித்துவிடலாம் என்று டாக்டர் வரதன் சொன்னார். இரண்டும் ஃபைலில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

கறுப்புக் கோட்டை அவரால் தாங்க முடியவில்லை. "அசிங்கமா இருக்கே. லைட் க்ரே போடலாமா?" என்று ஒரு மீட்டிங் வைத்தார். எந்த க்ரே என்று முக்கால் மணி நேரம் பேசினோம். டாக்டர் ஷாஹீனுக்குப் போன் போட்டுக் கேட்டார். கறுப்பு என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

பக்கத்துக் கட்டிடத்தின் புதுக் குழியில் அன்று சாயங்காலம் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் கேட் வரைக்கும் சேறு. என் கான்ட்ராக்டும் ஆறு மாதத்துக்கு நீண்டது. டைரக்டர் பெருந்தன்மை காட்டினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆபீஸில் பாண்டிங் மெஷினை ஆன் செய்யக்கூட வேறு யாருக்கும் தெரியாது.

கறுப்புக் கோட்டுக்கு நடுவில்

கூரியரில் போன மாட்யூலுக்குப் பின்னால் டைரக்டரும் மஞ்சுநாத்தும் வெளிநாடு போனார்கள். டெக்னீஷியன்களைக் கூட்டிக்கொண்டு போகும் வழக்கம் கிடையாது. எக்ஸ்ரே ரிப்பனுக்கு நேராக டிடெக்டரின் ஓரம் சரியாக உட்காரவில்லை என்று தினமும் எனக்குப் போன் செய்யும் வழக்கம் மட்டும் உண்டு.

அந்த வருஷ ரிப்போர்ட்டில், செத்த ஸ்ட்ரிப்களைக் கறுப்பாகக் காட்டுவது எங்கள் டிடெக்டரின் விசேஷ அம்சம் என்று வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் மூன்று பெரிய வார்த்தைகள் சேர்த்து ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். கண்டுபிடித்தவர் டாக்டர் வரதன். கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்னவர்கள் பட்டியலில், 'கிளீன் ரூம் உதவி: ரெஜினா' என்று என் பெயரும் இருந்தது. அதைப் படித்த என் தம்பி, நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இந்த வயதில் உனக்கு இது தேவையா அக்கா என்று வருத்தப்பட்டான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் டாக்டர் ஷாஹீன் போன் செய்தார். "உங்களுக்கு ஒண்ணு காட்டணும், வாங்க." அவருடைய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருட்டாக்கிய அறையில் இரண்டு மானிட்டர். இடது பக்கத்தில் வெளிநாட்டில் எடுத்த படம். ஆபரேஷனில் எடுத்த ஒரு திசுத் துண்டு. நடுவில் என் நான்கு ஸ்ட்ரிப், கறுப்பாக, மேலிருந்து கீழாக.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் ரெண்டு புள்ளி இருக்கு, பாருங்க. அந்தப் பக்கம் ஒண்ணு. மூணு புள்ளின்னா பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது. நடுவுல என்னன்னு தெரியல. தள்ளி எடுங்கன்னு அங்க போன் பண்ணேன்."

வலது பக்கத்தில் தள்ளி எடுத்த படம். கோடு வேறு இடத்துக்குப் போயிருந்தது. முன்பு அது மறைத்திருந்த இடத்தில் பொடிப் பொடியாக நான்கு புள்ளிகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. இரண்டு பக்கத்துப் புள்ளிகளும் அவற்றோடு சேர்ந்தபோது அது கூட்டமாகிவிட்டது. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது என் கை தானாக சேலையை இழுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டது.

"இந்த அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. இதனால அவங்களுக்கு ஒண்ணும் மாறாது" என்றார் டாக்டர். "ஆனா அந்த இடம் வழவழன்னு இருந்திருந்தா நான் போன் பண்ணியிருக்க மாட்டேன். மூணு புள்ளி, ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்."

பஸ்ஸில் திரும்பும்போது கமிட்டிக்குக் காட்டிய அந்த முதல் படத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். அதில் பொய் என்று எதையும் யாரும் எழுதவில்லை. டைரக்டர் ஸ்மூத்தாகக் கேட்டார், மஞ்சுநாத் ஸ்மூத்தாகக் கொடுத்தார், நான் கட்டத்தில் டிக் போட்டேன். மூன்று பேரும் அவரவர் வேலையைத்தான் செய்தோம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஓர் இடத்தில் ஒன்றும் இல்லை என்பதும், அந்த இடத்தை நாம் பார்க்கவே இல்லை என்பதும் வேறு வேறு. படத்தைப் பார்க்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கம்பி போட்டவருக்குத் தெரியும். தெரிந்தவர் வாயை மூடிக்கொண்டால், அதைச் சொல்வதற்கு வேறு ஆள் கிடையாது.